மூன்றாவது வாளி

இரவு இரண்டு மணி.
திரையில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான்,
சித்தப்பா வாளியை உதைத்துவிட்டாராம்.

செத்துப்போனார் என்பதை
ஆங்கிலத்தில் அப்படியும் சொல்லலாம்.

எனக்குக் கிடைத்திருப்பது ஒன்றே முக்கால் நொடி,
திரையின் அடியில் இரண்டு வரி.
கம்பெனி அனுப்பிய குறிப்பு:
பேச்சுவழக்கு. நகைச்சுவை. சாதி, மதம் தொனிக்க வேண்டாம்.

சிவலோகப் பதவி ஆகாது.
கர்த்தருக்குள் நித்திரை ஆகாது.
இயற்கை எய்தினார் என்றால் சுவரொட்டியும் பசையும் வேண்டும்.
காலமானார் கறுப்புக் கட்டம் கேட்கும்.
தவறிட்டாரு என்பது
போனில், குரலை இறக்கி, ஊர்க்காரர்களிடம்.
டிக்கெட் வாங்கிட்டாரு?
இந்த மும்பையில் அதற்கு
எந்த லைன், ஸ்லோவா ஃபாஸ்டா என்பார்கள்.

போகட்டும், ஏன் வாளி?
தூக்குப் போட்டுக்கொள்பவன் ஏறி நிற்பது என்கிறது ஓர் அகராதி.
அதெல்லாம் இல்லை,
பன்றியைத் தலைகீழாய்க் கட்டும் உத்தரத்துக்கு அங்கே அந்தப் பேர்,
அறுக்கும்போது துடித்து உதைக்கும் என்கிறது இன்னொன்று.
அவர்களுக்கே நிச்சயமில்லை.
நாம் மட்டும் என்ன,
மண்டையைப் போட்டான் என்கிறோமே
எங்கே போட்டான், யார் எடுத்தார்கள் என்று
ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

மூடிவைத்துவிட்டுக் குடத்தோடு இறங்கினேன்.
ஆன்டாப்ஹில்லில் தண்ணீர் நாலு இருபதுக்கு.
ஐந்துக்கு நின்றுவிடும், சில நாள் அதற்கும் முன்னால்.
வரிசை ராத்திரியே போட்டாகிவிடும்,
ஆட்கள் தூங்குவார்கள், வாளிகள் நிற்கும்.

மூன்றாவது, தங்கப்பழம் அண்ணாச்சியுடையது.
இருபது லிட்டர் பெயிண்ட் டப்பா,
பிடி போய் நைலான் கயிறு.
பதினோரு மணிக்கு அவரேதான் கொண்டுவந்து வைத்தார்.
நாலாவது என்னுடையது.

"ஆஃப் ஹோ கயே" என்றாள் ஷாலன்.
எனக்கு முதலில் மோட்டாரைச் சொல்கிறாளோ என்றிருந்தது.
பன்னிரண்டரைக்கு நெஞ்சைப் பிடித்தாராம்,
சயான் ஆஸ்பத்திரி வாசலில்,
டாக்ஸியிலேயே.

ஆஃப்.
இங்கிலீஷ்காரனுக்கே புரியாத இங்கிலீஷ்.
இந்தச் சந்தில் தமிழ், மராட்டி, போஜ்புரி
எல்லோருக்கும் புரிந்தது.

தண்ணீர் வந்தது.
முதல் வாளி. இரண்டாவது.
மூன்றாவதை யாரும் எடுத்து ஓரமாய் வைக்கவில்லை.
வைக்கச் சொல்லவும் இல்லை.
எனக்கு ஒரு கையில் குடம், ஒரு கையில் டார்ச்.
முன்னால் இடம் விட்டதும்
எப்போதும் செய்வதுபோல
அண்ணாச்சி வாளியைக் காலால் தள்ளினேன்.

டப் என்று ஒரு சத்தம்.
காலி பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு சத்தமா!
எல்லோரும் திரும்பிப் பார்த்ததாகத் தோன்றியது.
பார்த்தார்களோ என்னவோ, இருட்டு.

ரமாவதி குழாயை அதற்குள் விட்டாள்.
"இன்னைக்கு அந்த வீட்டுக்குத்தான் நிறைய வேணும்" என்றாள் இந்தியில்.
குளிப்பாட்ட. வருகிறவர்கள் கால் கழுவ. டீக்கு.
அது நிரம்பியதும் தன் வாளியையும் அந்தப் பக்கம் நகர்த்தினாள்.
அடுத்து நான் என் குடத்தை.
ஷாலனுக்கு முறை வந்தபோது
காற்றுதான் வந்தது,
குழாய் இரண்டு தடவை இருமியது.

ஈரக் காலோடு மேலே வந்தேன்.
கர்சர் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது.
மண்டையைப் போட்டுட்டாரு, என்று அடித்தேன்.
பதினோரு எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி.
அவன் சிரிப்பு முடிவதற்குள் படித்துவிடலாம்.

வேலை ஓகே ஆகிவிட்டது.
ஒரு கமா மட்டும் எடுக்கச் சொன்னார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு வாளி வைக்கப் போனால்
மூன்றாம் இடத்தில் அதே பெயிண்ட் டப்பா.
பொன்மலர் வைத்திருக்கிறாள், அவர் மருமகள்,
கயிற்றை மட்டும் புதிதாய் மாற்றி.